இரண்டு பேரேடு வைத்த ஜனாதிபதி

சிரம்பானுக்கு அருகே, லாபு வட்டாரத்தில், பெல்டா நிலக்குடியேற்றம் ஒன்று அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குருபோங்கிலிருந்து வடக்கே போய்வரும் நம் வியாபார அன்பர்களில் சிலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக் கூடும். அப்பெயருக்கு உரியவர் லிண்டன் பெயின்ஸ் ஜான்சன். ஏழைகளின் நன்மைக்கு அவர் அளவுக்குச் சட்டங்கள் இயற்றிய அமெரிக்க ஜனாதிபதிகள் மிகச் சிலரே. வியத்நாம் யுத்தத்தைப் பெருக்கியவரும் அவரே. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் எப்படிக் கூடின, அதனால் விளைந்தது யாது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஜான்சன் 1908-ஆம் வருடம் ஆகஸ்டு 27-ஆம் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை மாநிலச் சட்டசபை அங்கத்தினர். செல்வாக்கு உண்டு, செல்வம் நிலைக்கவில்லை. அவர் கடன் வாங்கிப் பருத்தி நிலத்தில் போட்டார். 1920-ஐ ஒட்டிப் பருத்தி விலை வீழ்ந்தது. குடும்பம் கடனில் மூழ்கியது. ஊரார் மதித்த வீடு ஊராருக்குக் கடன்பட்ட வீடானது. அந்த அவமானம் சிறுவனின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் சாலை போடும் கூலி வேலை செய்தார். பிறகு சான் மார்க்கோஸ் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். நடுவே பணமின்றிப் படிப்பை நிறுத்தி, 1928-இல் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். காலை ஆகாரமின்றி வந்த அப்பிள்ளைகளை, ஜனாதிபதியான பின்பும் அவர் மறக்கவில்லை.

1937-இல் காங்கிரஸ் பிரதிநிதி ஆனார். 1943-இல் அவருடைய மனைவி கிளாடியா 17,500 டாலருக்கு ஒரு வானொலி நிலையத்தை வாங்கினார். குடும்பத்தின் செல்வம் அதிலிருந்து வளர்ந்தது. 1948-இல் செனட் சபைக்கான உட்கட்சித் தேர்தலில், ஏறக்குறைய 10 லட்சம் வாக்குகளில், வெறும் 87 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தெற்கு டெக்சாஸின் ஒரு பெட்டியில் பின்னால் சேர்க்கப்பட்ட வாக்குகளைப் பற்றிய ஐயம் அவர் காலம் முழுதும் தீரவில்லை. ஆயினும் ஆட்களை அறிந்து, இணங்க வைத்துக் காரியத்தை முடிப்பதில் அவர் சமர்த்தர். 1955-இல் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். 1960-இல் கென்னடியோடு நின்று உபஜனாதிபதியானார்.

1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே விமானத்திற்குள் ஜான்சன் ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் செய்தவை வியக்கத்தக்கவை. 1964 ஜூலை 2-ஆம் தேதி குடியுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஓட்டலும் உணவுக் கடையும் நிறம் பார்த்து வாடிக்கைக்காரரைத் திருப்பி அனுப்புவது அத்துடன் சட்டவிரோதமாயிற்று. தென் மாநிலத்து வெள்ளையர் தம் கட்சியை விட்டு விலகுவார்கள் என்று தெரிந்தே அதைச் செய்தார். 1965-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குக் காவலாக ஒரு சட்டமும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவ உதவித் திட்டமும் வந்தன. அதே வருடம் அக்டோபர் 3-ஆம் தேதி குடியேற்றச் சட்டத்தை மாற்றினார். அதுவரை இந்தியாவுக்கு வருடத்திற்கு 100 பேர் என்றிருந்த வரம்பு ஒழிந்தது. இன்று அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தக் கதவு திறந்தபின் சென்றவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே. 1964-இல் அமெரிக்க ஜனங்களில் 100-க்கு 19 பேர் வறுமையில் இருந்தனர்; 1969-இல் அது 12 ஆகக் குறைந்தது.

நிற்க. இது முதல் பேரேடு. இரண்டாவது பேரேடு வியத்நாம்.

1964 ஆகஸ்டு மாதம், டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாகக் காங்கிரசுக்குத் தெரிவித்து, படைபலத்தை உபயோகிக்க அதிகாரம் பெற்றார். இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. நவம்பர் தேர்தலில் 100-க்கு 61 வாக்குகள் பெற்று வென்றார். 1965 மார்ச் மாதம் அமெரிக்கத் தரைப்படை டா நாங் கரையில் இறங்கியது. 1968-இல் படையினர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. யுத்தம் முடிவதற்குள் 58,000-க்கும் அதிகமான அமெரிக்க வீரர் மாண்டனர். மாண்ட வியத்நாமியரோ பல லட்சம்.

யுத்தம் வேண்டாம் என்று அருகிலிருந்தோர் சிலர் சொல்லாமலில்லை. பின்வாங்கினால் கோழை என்று எதிர்க்கட்சி தூற்றும், தம் சட்டங்களும் வீழும் என்று அவர் அஞ்சினார். யுத்தச் செலவை வெளிப்படையாகச் சொன்னால், ஏழைகளுக்கான பணத்தைக் காங்கிரஸ் நிறுத்திவிடும் என்றும் அஞ்சினார். ஆகவே 1965-இல் புதுவரி கேட்கவில்லை. செலவைக் குறைத்துக் காட்டினார். கிளைக் கடையின் நஷ்டத்தைப் பங்காளிகளுக்குச் சொல்லாமல், தலைமைக் கடையின் கல்லாவிலிருந்து எடுத்துக் கட்டும் முதலாளியின் செய்கைதான் இது. இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம்மவர்க்குத் தெரியாததல்ல.

இந்த நிலையில்தான் 1966 அக்டோபர் 30-ஆம் தேதி, மணிலா மாநாட்டுக்குப்பின், அவர் கோலாலம்பூர் வந்தார். பதவியிலிருந்த அமெரிக்க ஜனாதிபதி மலேசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அடுத்தவர் வர 2014 வரை ஆயிற்று. துங்கு அப்துல் ரஹ்மான் அவரை வரவேற்றார். யுத்தத்தை எதிர்த்தவர்களின் ஆர்ப்பாட்டமும் நடந்தது. நெகிரி செம்பிலானில் பெல்டா குடியேறிகளைக் கண்டார். ஏழைக் குடும்பத்துக்கு நிலமும் ரப்பர் மரமும் தந்து கரையேற்றும் அத்திட்டம், பண்ணை வீட்டில் பிறந்தவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே 1960-களில் அமெரிக்க அரசாங்கம் தன் சேமிப்புக் கிடங்கிலிருந்த ரப்பரை விற்று வந்தது. அது மலேசிய ரப்பர் விலையை அழுத்துகிறது என்பது நம் அரசாங்கத்தின் நெடுநாள் முறையீடு. ரப்பர் விலை இறங்கினால் தோட்டத்துச் சம்பளமும், சம்பள நாளில் நம் கடைகளுக்கு வரும் பணமும் ஆட்டம் காணும். தூரதேசத்துக் கணக்கு மலாக்காவின் தோட்டங்களையும் கடைத்தெருவையும் எட்டும் வழி இதுதான்.

மறைத்த கணக்கு வெகுகாலம் மறைந்திருக்கவில்லை. அமெரிக்காவில் விலைவாசி ஏறியது. 1968 ஜூன் மாதம் 100-க்கு 10 வீதம் மேல்வரி போடவேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக 600 கோடி டாலர் செலவைக் குறைக்கும்படி காங்கிரஸ் கட்டாயப்படுத்தியது. ஏழைகளின் திட்டங்கள் சுருங்கின. 1965-இல் வாட்ஸிலும், 1967-இல் நுவார்க், டிட்ராய்ட் நகரங்களிலும் கலவரம் மூண்டது. 1968 ஜனவரி முடிவில், வியத்நாமியப் புத்தாண்டு நாளன்று, தென் வியத்நாம் எங்கும் எதிரிகள் தாக்கினர். வெற்றி அருகில் என்று அதுவரை கேட்டுவந்த அமெரிக்க ஜனங்கள், தங்களுக்குச் சொல்லப்பட்டது உண்மையல்ல என்று உணர்ந்தார்கள். மார்ச் 31-ஆம் தேதி, மறுபடியும் தேர்தலுக்கு நிற்பதில்லை என்று ஜான்சன் அறிவித்தார்.

1969 ஜனவரியில் பதவி விட்டிறங்கித் தம் பண்ணைக்கே திரும்பினார். 1973 ஜனவரி 22-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார், வயது 64. ஐந்து நாள் கழித்துப் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

அவர் இயற்றிய நற்சட்டங்கள் பல இன்னும் நிற்கின்றன. முதியோருக்கு மருத்துவம் கிடைக்கிறது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் உலகம் முதலில் நினைப்பது வியத்நாமையே. முதல் பேரேட்டில் அவர் எழுதிய வரவு பொய்யல்ல. இரண்டாம் பேரேட்டை முதல் நாளே பங்காளிகள் முன் திறந்து வைத்திருந்தால், யுத்தம் அவ்வளவு தூரம் வளர அவர்கள் இடங்கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகமே. நல்ல காரியத்தைக் காப்பாற்றவே கணக்கை மறைக்கிறேன் என்று நினைக்கும் எவருக்கும், கடை சிறிதாயினும் தேசம் பெரிதாயினும், ஜான்சனின் வாழ்க்கை ஓர் எச்சரிக்கை.