பச்சையப்பர் விட்டுச் சென்ற பொறுப்பு

சென்னைக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்செழுந்தால் பச்சையப்பன் கல்லூரியின் பெயர் வராமல் இராது. கணிதமேதை இராமானுஜன் எஃப்.ஏ. வகுப்பில் பயின்று தேறாமற் போனது அங்கேதான். அறிஞர் அண்ணா பயின்று பட்டம் பெற்றதும் அங்கேதான். ஆனால், அந்தக் கல்லூரியைப் பச்சையப்பர் கட்டவில்லை. கட்டும்படி கனவு கண்டவருமல்லர். அவர் மறைந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பெயரால் முதற் பள்ளி திறக்கப்பட்டது. இடையில் நடந்தது என்ன என்பதை அறிந்தால், பிறர் பொருளைக் காப்பது எத்துணைப் பெரும் பொறுப்பு என்பது விளங்கும்.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார் மகன் முகம் காணுமுன்னரே காலமானார். கைம்பெண்ணாகிய தாய் பூச்சியம்மாள் குழந்தைகளோடு சென்னை வந்து சேர்ந்தார். அக்குடும்பத்துக்கு ஆதரவளித்தவர் நாராயண பிள்ளை என்னும் துபாஷி. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். கம்பெனி வெள்ளையருக்கும் நாட்டு மக்களுக்கும் நடுவே நின்று பேச்சையும் பணத்தையும் கைமாற்றிவிடும் தொழில் அது. அவரிடம் ஆங்கிலமும் கணக்கும் கற்ற சிறுவன், இளமையிலேயே வாணிகத்தில் இறங்கித் தானும் துபாஷியானான். செங்கற்பட்டுச் சீமையிலும் பின்னர்த் தஞ்சையிலும் கொடுக்கல் வாங்கல் பெருகிற்று. கம்பெனி ஆட்சி வேரூன்றிய அக்காலத்தில் துபாஷிகள் திரட்டிய செல்வத்தில் குடியானவனின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், வந்த செல்வத்தைப் பூட்டி வைத்தவரல்லர் பச்சையப்பர். கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாளில் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வணங்குவது அவர் வழக்கம். (ஆம், கூவத்தில்தான், அன்று அது நீராடத்தக்க ஆறு!) சிதம்பரத்துக் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் பொருள் பேசியது.

நாற்பதை எட்டிய வயதில் நோய் வாய்ப்பட்டார். 1794 மார்ச் 22-ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அதே மாதம் 31-ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். காசி முதலாகத் தென்னாட்டுத் தலங்கள் வரை கோயில் வழிபாட்டுக்கும் அன்ன தானத்துக்கும் தம் செல்வம் பயன்பட வேண்டும் என்பது அவ்வுயிலின் சாரம்.

எழுதியவர் கண் மூடினார். எழுத்தும் கண் மூடிவிட்டது! உறவினருக்குள் பூசல் மூண்டது. வழக்குகள் வளர்ந்தன. பணம் யார் யார் கையிலோ இருந்தது. தருமம் மட்டும் நடைபெறவில்லை. ஒரு தலைமுறைக்கும் மேல் காலம் ஓடிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மகனுக்கு எழுதிவைத்த சொத்தை ஒருவன் விழுங்கினால் மகன் வழக்காடுவான். பசித்தவனுக்கென எழுதிவைத்த சொத்தை விழுங்கினால் யார் வழக்காடுவது? எந்தப் பசித்தவனும் அதைத் தன் சொத்தென்று சொல்ல முடியாதே! சட்டம் இதற்கு வழி வைத்திருந்தது. பொதுத் தருமத்தின் காவலர் அரசு; அரசின் சார்பில் அட்வகேட் ஜெனரல் நீதிமன்றம் ஏறலாம். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் அப்பணியை மேற்கொண்டனர். சிதறிய பொருள் மீட்கப்பட்டது. வட்டியோடு சேர்ந்து அது பெருகியும் இருந்தது. உயிலில் சொன்ன திருப்பணிகளுக்கு வேண்டியதை ஒதுக்கிய பின்னும் பெருந்தொகை எஞ்சிற்று.

எஞ்சியதை என்ன செய்வது? தருமத்துக்கென்று கொடுத்த பொருள் குடும்பத்துக்குத் திரும்புவதில்லை. கொடுத்தவரின் கருத்துக்கு அண்மையான வேறொரு நற்பணிக்கு நீதிமன்றம் அதைத் திருப்பலாம் என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய கொள்கை. அக்கொள்கையின் வழியே மிச்சப் பணம் கல்விக்குத் திரும்பிற்று. 1842 சனவரியில் சென்னைக் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் பள்ளி பிறந்தது. 1850-இல் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1889-இல் பள்ளி முதல்தரக் கல்லூரியாக உயர்ந்து, 1940-இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது.

பிற்காலத்தில் எழுந்த சட்டங்களைப் புரட்டினால், பச்சையப்பரின் பொருளுக்கு நேர்ந்த ஒவ்வொரு தீங்குக்கும் ஒரு வேலி இருப்பதைக் காணலாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் தனியார் நம்பிக்கைச் சொத்துக்கே உரியது. கோயில், தருமச் சொத்துகளை அது நேரே ஆள்வதில்லை. ஆயினும் அது வகுக்கும் கடமைகளே எல்லா டிரஸ்டிக்கும் இலக்கணம். தன் பொருளை அறிவுள்ளவன் எப்படிக் காப்பானோ, அப்படிப் பிறர் பொருளைக் காக்க வேண்டும். கணக்கைத் தெளிவாக எழுதி, கேட்டால் காட்ட வேண்டும். தன் பொறுப்பைத் தன் விருப்பம்போல் இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது. அப்பொருளால் தனக்கென ஓர் ஆதாயமும் தேடலாகாது. தவறினால் நட்டத்தைக் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். பொதுத் தருமம் கெடுமானால், 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு வழி திறக்கிறது: அட்வகேட் ஜெனரல் மட்டுமன்று, அத்தருமத்தில் அக்கறையுள்ள இருவர் கூடினாலும், நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கிடலாம். இன்னொன்றும் உண்டு. குறித்த நோக்கத்துக்கென ஒப்படைத்த பொருளை மீட்க டிரஸ்டி மேல் தொடுக்கும் வழக்குக்குக் காலக்கெடு இல்லை என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்று அவன் தப்ப முடியாது.

சட்டம் இவ்வளவும் செய்யும். ஆனால் அது வருவதற்குள் இழந்த காலத்தை எவர் மீட்பார்? உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் சோறின்றிப் போன ஏழைகளுக்கு எந்தத் தீர்ப்பும் சோறிடவில்லை. நார்ட்டனைப் போல ஒருவர் வாய்த்தது நற்பேறு. வாய்க்காமல் மண்ணாகிய தருமங்கள் எத்தனையோ!

நண்பர்களே, டிரஸ்டி என்றதும் செல்வர்களையும் வழக்கறிஞர்களையும் மட்டும் எண்ண வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்து பயிலும் நாம், ஆளுக்குச் சிறிது கொடுத்துச் சங்கம் நடத்துகிறோம். பொருளாளரின் பெட்டியில் இருக்கும் சந்தாப் பணம் அவருடையதன்று. இவ்வாண்டு மாணவர்களுடையது மட்டுமன்று. அடுத்த ஆண்டு பெட்டியும் படுக்கையுமாக இரயிலிலிருந்து இறங்கப்போகும் முகம் தெரியாத தம்பி தங்கையருடையதுமாகும். அவர்கள் இன்று வந்து கணக்குக் கேட்க முடியாது. கேட்க ஆளில்லாத இடத்தில் நேர்மையாக இருப்பதே டிரஸ்டியின் முதற் கடமை. பச்சையப்பரின் வரலாறு நமக்குச் சொல்வதும் அதுவே.