அரியலூர் ரயில் விபத்துக்காக பதவி விலகிய சாஸ்திரி: அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1956 நவம்பர் 23, அதிகாலை நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. பாலத்தின் அருகே மண்ணை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. என்ஜினும் பெட்டிகளும் தண்ணீருக்குள் போக, 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரியலூர் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, திருச்சி மாவட்டத்து ஊர்.

ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. உடனே ராஜினாமா கடிதம் கொடுத்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் ரயில் கவிழ்ந்தபோதும் அவர் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இல்லை, இது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

தமிழ்நாட்டில் கோபம் அதோடு அடங்கிவிடவில்லை. ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனை வைத்து அடுத்த தேர்தலில் தி.மு.க. எழுப்பிய முழக்கம் இன்றைக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

பதவி இல்லாவிட்டால் என்ன?

சாஸ்திரி 1904-ல் முகல்சராயில் பிறந்தவர். இரண்டு வயது ஆவதற்குள் அப்பாவை இழந்தார், அம்மா வழி உறவினர்கள்தான் வளர்த்தார்கள். சாஸ்திரி என்பது சாதிப் பெயர் இல்லை, காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம். சாதிப் பெயரை அவர் முன்பே விட்டுவிட்டார்.

படிப்பு முடிந்ததும் போய்ச் சேர்ந்தது கட்சிப் பதவிக்கு அல்ல, லோக் சேவக் மண்டல் என்ற தொண்டு அமைப்புக்கு. லாலா லஜபதி ராய் 1921-ல் லாகூரில் தொடங்கியது அது. வாழ்நாள் உறுப்பினராகச் சேர்பவர்களுக்குக் குடும்பம் ஓட்ட மாதம் ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். முசாபர்நகர் பக்கம் தாழ்த்தப்பட்ட மக்களிடையே வேலை பார்த்தார். பிற்காலத்தில் அந்த அமைப்புக்கே தலைவரானார். அரியலூர் ராஜினாமாவைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். சம்பளமும் பங்களாவும் வருவதற்கு முன்பே, இரண்டும் இல்லாமல் வாழப் பழகியவர் அவர்.

நேர்மையாகச் சொன்னால், 1956 ராஜினாமா அவருக்குப் பெரிய இழப்பாக முடியவில்லை. 1957 தேர்தலில் அலகாபாத்தில் ஜெயித்து மறுபடி அமைச்சரானார். ஆனால் 1963-ல் காமராஜர் திட்டம் வந்தபோது உள்துறை அமைச்சர் பதவியையும் விட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு நேரு மறைந்தார், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் முயற்சியில் சாஸ்திரி பிரதமரானார்.

ஆனந்தில் ஓர் இரவு

1964 அக்டோபர் கடைசியில் குஜராத்தின் ஆனந்துக்குப் போனார், அமுல் கூட்டுறவின் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்க. விழாவோடு திரும்பவில்லை. அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, பால் ஊற்றுகிறவர்களிடம் விசாரித்தார். மற்ற இடங்களில் அரசுப் பால் திட்டங்கள் தடுமாறும்போது இங்கே மட்டும் எப்படி நடக்கிறது? கிடைத்த பதில் சிம்பிள்: சங்கம் விவசாயிகளுடையது, மேலாளர் அவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை நாடு முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்று வர்கீஸ் குரியனிடம் கேட்டுக்கொண்டார். 1965-ல் தேசிய பால்வள வாரியம் உருவானது. தலைமையகம் டெல்லி இல்லை, ஆனந்த்தான்.

1966 ஜனவரி 11-ம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். அவர் கார் வாங்கிய வங்கிக் கடனில் பாக்கி இருந்தது, அதைக் குடும்பம்தான் அடைத்தது என்று அவர் மகன்கள் சொல்லியிருக்கிறார்கள். வாரியத்தின் வெண்மைப் புரட்சித் திட்டம் 1970-ல்தான் தொடங்கியது, அதை அவர் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆவினுக்குப் பால் ஊற்றும் கிராமச் சங்கங்களும் அந்த ஆனந்த் முறையில் அமைந்தவைதான்.