தோட்டத் தொழிலும் பொதுத் தொண்டும்
லிம் நீ சூன் அவர்களின் வாழ்வும் பணியும்

பொருள் ஈட்டுவோர் உலகில் பலர். ஈட்டிய பொருளையும் உழைப்பையும் தாம் வாழும் ஊரின் உயர்வுக்கு ஈந்து மறைந்தோர் மிகச் சிலரே. அத்தகையோரின் பெயரை ஊர் தானே எடுத்துத் தாங்கிக்கொள்கிறது.

சிங்கப்பூரின் வட பகுதியில் அமைந்துள்ள ஈசூன் நகரின் பெயரை நாள்தோறும் பல்லாயிரம் நாவுகள் உச்சரிக்கின்றன. அங்கே கோயில் கொண்டுள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் பங்குனி உத்திரப் பெருவிழாவில் காவடி ஏந்தும் அடியார்களும் அப்பெயர் தாங்கிய மண்ணில்தான் நடந்து செல்கின்றனர். ஆயினும் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. ‘நீ சூன்’ என்னும் தியோசூ ஒலிப்பை மாண்டரின் ஒலிப்பில் சொன்னால் ‘ஈசூன்’ ஆகும். அப்பெயருக்கு உரியவர் தோட்ட முதலாளியும் வணிகரும் பொதுத் தொண்டருமாக விளங்கிய லிம் நீ சூன் ஆவார்.

இளமைப் பருவம்

லிம் நீ சூன் 1879ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். தியோசூ சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அவருடையது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவர், தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். செயிண்ட் ஜோசப் கல்வி நிலையத்திலும் ஆங்கிலோ சீனப் பள்ளியிலும் பயின்று ஆங்கில அறிவு பெற்றார். அக்காலத்தில் சீனத் தோட்டக்காரர்களுள் ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் வல்லோர் அரியர். அரசாங்க அலுவலகத்திலும் ஐரோப்பிய வணிகரிடத்தும் தம் மக்களுக்காகப் பேசும் ஆற்றலை அக்கல்வி அவருக்கு நல்கியது.

கல்வி முடிந்தபின் அன்னாசி வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒரு நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். தோட்டத்தில் காய் முற்றுவது முதல் தகரத்தில் அடைக்கப்பட்டுக் கப்பலேறுவது வரை அத்தொழிலின் நுணுக்கங்கள் அனைத்தையும் அங்கே கற்றுத் தேர்ந்தார்.

மண்ணும் மரமும்

அந்நாளில் சிங்கப்பூரின் வட பகுதி நகரினின்றும் வெகு தொலைவில் இருந்த நாட்டுப்புறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காடு அழித்துக் காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்களுள் தியோசூ மக்களே மிகுதி. காம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட செடி. அதன் இலைகளைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு ஏராளமாக வேண்டும். அதனால் சுற்றியிருந்த காடும் அழிந்தது. செடியோ மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். பதினைந்து ஆண்டுகள் கழிந்தால் அந்நிலம் பயனற்றுப் போகும். தோட்டக்காரர்கள் வேறு காடு தேடிச் செல்ல, விட்டுச் சென்ற நிலத்தை லாலான் புல் மூடிக்கொள்ளும்.

அவ்வாறு கைவிடப்பட்ட நிலங்களுக்கு மறுவாழ்வு அளித்தவை அன்னாசியும் பால்மரமும் ஆகும். சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் பால் எடுக்கும் முறையை வகுத்திருந்தார். மலாக்காவில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டளவில் பால்மரங்களை நட்டு வழிகாட்டினார். எனினும் பால்மரம் பயன்தர ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். சிறு முதலுடையோர் அத்துணைக் காலம் வருமானமின்றித் தாக்குப்பிடித்தல் அரிது. இதற்குத் தோட்டக்காரர்கள் கண்ட வழி, மர வரிசைகளுக்கு இடையே அன்னாசி பயிரிடுவதாகும். அன்னாசி ஒன்றரை ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். மரம் வளரும்வரை தொழிலாளர் கூலிக்கும் களையெடுப்புச் செலவுக்கும் அதன் வருவாய் கைகொடுக்கும்.

இவ்விரு பயிர்களிலும் தேர்ச்சி பெற்றிருந்த நீ சூன், செம்பவாங் பகுதியின் இரப்பர்த் தோட்டங்களில் மேலாளர் பொறுப்பேற்றுத் திறம்பட நடத்தினார். 1911ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். செம்பவாங்கிலும் அதனைச் சுற்றிய பகுதிகளிலும் அவருடைய தோட்டங்கள் விரிந்தன. தோங் ஐக் என்னும் பெயரில் இரப்பர் ஆலையும் நிறுவினார். மக்கள் அவரை அன்னாசி அரசர் என்றும் இரப்பர் அரசர் என்றும் அழைக்கலாயினர்.

பலன்தரப் பல்லாண்டு காத்திருக்க வேண்டிய பயிரை நம்பி, பிறர் கைவிட்ட நிலத்தில் கால் ஊன்றி நின்றமையே அவருடைய தொழில் வாழ்வின் சிறப்பு எனலாம். காம்பீர்க் காலத்துத் தோட்டக்காரர் மண் களைத்ததும் இடம் பெயர்ந்தனர். நீ சூன் அவர்களோ அங்கேயே நிலைத்தார். ஆகவே அவ்விடத்தின் குறைகளும் தேவைகளும் அவருடைய கவலைகள் ஆயின.

ஊர்ப் பொறுப்பு

நகராட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட சாலைகள், வடிகால்கள், சந்தைகள், சுகாதாரம் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு கிராமப்புற வாரியத்துக்கு உரியதாக இருந்தது. 1913ஆம் ஆண்டு முதல் 1921ஆம் ஆண்டு வரை நீ சூன் அவ்வாரியத்தின் உறுப்பினராகப் பணியாற்றினார். நகரத்தார் கண்ணுக்கு எட்டாத நாட்டுப்புற மக்களின் தேவைகளை, அவர்களிடையே தொழில் நடத்தி வந்த ஒருவரே ஆட்சியாளர் அவையில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அதனால் கிட்டியது. சமாதான நீதிபதியாகவும் அவர் நியமனம் பெற்றார்.

கல்வித் துறையிலும் அவர் பங்கு குறிப்பிடத்தக்கது. 1919ஆம் ஆண்டில் டான் கா கீ முயற்சியால் தோன்றிய சீன உயர்நிலைப் பள்ளிக்குத் துணை நின்றோருள் அவரும் ஒருவர். அதே ஆண்டு தொடங்கப்பெற்ற ஓவர்சீஸ் சைனீஸ் வங்கியின் உருவாக்கத்திலும் அவர் பங்கேற்றார். அவ்வங்கி 1932ஆம் ஆண்டில் வேறு இரு வங்கிகளோடு இணைந்து இன்றைய ஓசிபிசி வங்கியாக மலர்ந்தது.

பொதுச் சொத்தின் காவல்

நீ சூன் ஆற்றிய தொண்டுகளுள் ஆலயங்களையும் அறநிலையங்களையும் பேணுவோர் மறக்கலாகாத ஒன்று உண்டு. அதுவே நீ ஆன் கொங்சியின் சீரமைப்பு.

தியோசூ மக்களின் வழிபாட்டுக்கும் மறைந்தோர் அடக்கத்துக்கும் எளியோர் துயர் துடைப்பதற்குமாக 1845ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது அந்த அறநிலையம். காம்பீர், மிளகுத் தோட்டங்களால் பெரும் செல்வரான சியா யூ சின் அதன் தோற்றத்துக்கு முதல்வராய் விளங்கினார். பிலிப் வீதியில் உள்ள தியோசூ மக்களின் பழம்பெரும் கோயிலும், ஆர்ச்சர்ட் சாலையில் பரந்து கிடந்த இடுகாட்டு நிலமும் அதன் பொறுப்பில் இருந்தன. சியா யூ சின் அவர்களுக்குப் பின்னர் அவர்தம் குடும்பத்தாரே வழிவழியாக நிருவாகத்தை நடத்தி வந்தனர். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அம்முறை நீடித்தது.

காலப்போக்கில் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. சமூகமும் பெருகியது. சமூகத்தின் பெயரால் உள்ள சொத்துக்குச் சமூகத்தின் முன்னிலையில் கணக்கு வைக்கப்படல் வேண்டும், நிருவாகத்தில் சமூகத்தின் பேராளர்கள் இடம்பெறுதல் வேண்டும் என்னும் குரல் 1920களின் பிற்பகுதியில் எழுந்தது. அக்குரலுக்குத் தலைமை தாங்கியவர் லிம் நீ சூன்.

இஃது எளிய செயலன்று. எதிரே நின்றதோ அந்தச் சமூகத்தின் மிகப் பழைய, மிக்க மதிப்புடைய குடும்பம். அவர்தம் முன்னோர் செய்த நன்மையை எவரும் மறுக்கவில்லை. பகை வளர்த்தால் வணிகத்துக்கும் இழப்பு, உறவுக்கும் இழப்பு. பேசாதிருந்தால் எவரும் நீ சூன் அவர்களைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். எனினும் நிறுவியவரின் புகழ் வேறு, நிறுவனத்தின் உரிமை வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். இறைவன் பெயராலும் ஏழைகளின் பெயராலும் சேர்ந்த சொத்தை எத்துணை நல்லவர் காத்தாலும், அது கேள்விக்கும் கணக்குக்கும் உட்பட்டே இருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருளாகும்.

முயற்சி வீண்போகவில்லை. நிருவாகம் பொதுக் குழுவின் கைக்கு மாறியது. 1933ஆம் ஆண்டில் நீ ஆன் கொங்சிக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தியோசூ மக்களை ஒன்றிணைக்க 1929ஆம் ஆண்டில் உருவான தியோசூ போயிட் இப் ஹுவே குவான் சங்கத்தின் முதல் தலைவராகவும் நீ சூன் விளங்கினார்.

அதன் பயனைப் பிற்காலம் கண்டது. 1963ஆம் ஆண்டில் கொங்சி தொடங்கிய நீ ஆன் கல்லூரியே இன்றைய நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. பழைய இடுகாட்டு நிலத்தில் நீ ஆன் சிட்டி என்னும் பெருங்கட்டடம் 1993ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நிலத்தின் வருவாய் கல்விக்கும் அறப்பணிக்கும் பயன்பட்டு வருகிறது.

நாட்டுப் பற்றும் இறுதிக் காலமும்

சீனத்தில் மன்னராட்சியை அகற்றக் குடியரசுத் தலைவர் சன் யாட் சென் நடத்திய இயக்கத்தில் நீ சூன் ஈடுபாடு கொண்டிருந்தார். அவருடைய மாமன் தியோ எங் ஹாக் உடைமையாயிருந்த மாளிகையில்தான் 1906ஆம் ஆண்டில் அவ்வியக்கத்தின் சிங்கப்பூர்க் கிளை தொடங்கப்பட்டது. அவ்வில்லம் இன்று சன் யாட் சென் நினைவு மண்டபமாகத் திகழ்கிறது.

1920களின் இறுதியில் தோங் ஐக் ஆலை, பின்னாளில் பெரும் கொடையாளராகப் புகழ்பெற்ற லீ கோங் சியானின் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1936ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஷாங்காய் நகரில் லிம் நீ சூன் மறைந்தார். அகவை ஐம்பத்தாறு. சீன அரசாங்கத்தின் ஆணைப்படி, நான்ஜிங் நகரில் சன் யாட் சென் நினைவிடத்தின் அருகே அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. சிங்கப்பூரில் பிறந்த ஒருவருக்கு இஃது அரிய பெருமையாகும்.

நிலைத்த பெயர்

உடல் தொலைவில் துயின்றாலும் பெயர் இம்மண்ணிலேயே வேரூன்றியது. சான் சூ காங் என வழங்கிய சிற்றூர் நீ சூன் கிராமம் ஆயிற்று. அவருடைய ஆலையின் பெயரைத் தோங் ஐக் சாலை தாங்கியது. தந்தையைப் போன்றே பொதுப்பணியில் ஈடுபட்ட மகன் லிம் சோங் பாங் பெயரால் சோங் பாங் கிராமம் அமைந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்த நம் இந்தியக் குடும்பங்கள் பலவும் அக்கிராமத்தில் வாழ்ந்தன. கிராமங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோதும் ஈசூன், நீ சூன், சோங் பாங் என்னும் பெயர்கள் அழியாமல் நின்றன.

அவர் நட்ட பால்மரங்கள் இன்றில்லை; அன்னாசித் தோட்டங்களும் இல்லை. அவர் பாடுபட்டுப் பொதுவாக்கிய அறநிலையம் மட்டும் தலைமுறை கடந்தும் பயன் தருகிறது. ஊர்ச் சொத்தை ஊரார் அறியப் பேணும் நெறி நிலைத்திருக்கும் இடமெல்லாம் லிம் நீ சூன் அவர்களின் தொண்டும் நிலைத்திருக்கும் எனலாம்.