பெஸண்டு அம்மையார் துறந்த வீடு

1917-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை சர்க்கார் பெஸண்டு அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்ததும், தேசமெங்கும் எழுந்த கிளர்ச்சியைக் கண்டு மூன்றே மாதங்களில் விடுதலை செய்ததும், அவ்வருஷ முடிவில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் அக்கிராசனம் வகித்ததும் நேயர்கள் நன்கறிந்த விஷயங்கள். எழுபது வயதை எட்டிய ஒரு வெள்ளைக்கார மாது தம் ஜாதியாரின் சர்க்காரையே எதிர்த்து நிற்கும் நெஞ்சுரத்தை எங்கே பெற்றார் என்று பலர் வியந்ததுண்டு. அந்த நெஞ்சுரம் சென்னையில் உண்டானதன்று. அதற்கு நாற்பத்து நான்கு வருஷங்களுக்கு முன்பே, இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பிரதேசத்திலுள்ள ஸிப்ஸி என்னும் கிராமத்தில், ஒரு பாதிரியாரின் இல்லத்தரசியாக இருந்த காலத்தில் அது சோதிக்கப்பட்டுவிட்டது. அந்தச் சோதனையில் அவர் கணவனையும் வீட்டையும் மகனையும், பின்னர் மகளையும் இழந்தார்.

அன்னி உட் என்ற இயற்பெயருடைய அவர் 1847-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்தாவது வயதில் தகப்பனார் காலமானார். தாயார் ஹாரோ பள்ளிக்கூடத்து மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். எலன் மாரியட் என்ற மாது சிறுமியைத் தம்முடன் அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். அக்கல்விக்கு அஸ்திவாரம் பைபிள். அன்னியின் பக்தியோ சாமானியமானதன்று. உபவாசம் இருப்பார், ஆதி காலத்துச் சபைப் பிதாக்களின் நூல்களை விடாமல் கற்பார், மதத்துக்காக உயிர் நீத்த அடியார்களின் சரித்திரங்களைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் தாம் பிறக்கவில்லையே என்று ஏங்குவார். இத்தகையவரே பின்னாளில் நாஸ்திகர் என்று ஊரார் தூற்றும் நிலையை அடைந்தார். நம்பிக்கையை எளிதாக எண்ணுபவர் அதை இழந்தால் ஒன்றும் பெரிதில்லை. உயிருக்கு உயிராகப் போற்றியவர் இழப்பது வேறு விஷயம்.

முதல் சந்தேகம் பக்தியின் காரணமாகவே பிறந்தது என்பது விசித்திரம். 1866-ம் வருஷம் ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய வாரத்தில், இயேசுநாதரின் கடைசி நாட்களை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள விரும்பி, நான்கு சுவிசேஷங்களிலும் கூறப்பட்ட சம்பவங்களைப் பத்தி பத்தியாக எழுதி ஒப்பிட்டுப் பார்த்தார். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பயந்துபோன அந்தப் பெண் சந்தேகத்தைப் பாவமென்று தள்ளி, அதற்குப் பிராயச்சித்தமாக உபவாசம் இருந்தார். அந்த வருஷமே பிராங்க் பெஸண்ட் என்ற இளம் பாதிரியாருடன் விவாகம் நிச்சயமாயிற்று. 1867-ம் வருஷம் டிஸம்பரில் கலியாணம் நடந்தது. குருமார் ஒருவருக்கு மனைவியாவது கடவுளுக்கும் ஏழைகளுக்கும் ஊழியம் செய்வதற்கு ஒப்பாகும் என்ற எண்ணமே அவரை இதற்கு இசையச் செய்தது. மணமகனைப்பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. குடித்தனம் என்றால் என்னவென்பது அதைவிடத் தெரியாது.

இவ்விவாகம் மதபேதத்தால் மாத்திரம் முறிந்தது என்பது முழு உண்மையாகாது. கணவர் அதிகாரமும் கண்டிப்பும் உடையவர். மனைவி சுதந்தர புத்தியுள்ளவர். கருத்து வேற்றுமை தோன்றுமுன்பே மனவேற்றுமை தோன்றிவிட்டது. 1869-ல் டிக்பி என்ற மகனும் 1870-ல் மேபல் என்ற மகளும் பிறந்தனர். 1871-ம் வருஷத்தில் கைக்குழந்தையான மேபலுக்குக் கக்குவான் இருமல் கண்டு, அது மார்புச் சளியாக முற்றியது. பல வாரங்கள் தாய் இரவும் பகலும் குழந்தையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். இழுப்பு வரும்போதெல்லாம் சிறிது குளோரபாரம் முகர வைத்து அதன் வேதனையைத் தணிக்க வேண்டியிருந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் தாயின் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. பாவமே அறியாத பச்சைக் குழந்தையை இப்படி வதைக்கும் உலகத்தை அன்பே உருவான ஒருவர் ஆள்கிறார் என்பது எப்படி? ஏட்டைப் படித்து எழுந்த சந்தேகத்தை உபவாசத்தால் அடக்க முடிந்தது. தொட்டிலருகில் எழுந்த இந்தச் சந்தேகம் அடங்கவில்லை.

அவர் அவசரப்பட்டு மதத்தை உதறிவிடவில்லை. நித்திய நரகம், பிறர் பாவத்துக்காக ஒருவர் தண்டனை ஏற்பது, வேதம் தேவவாக்கு என்பது, கிறிஸ்துவின் தெய்வத்தன்மை என ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். எதை இழந்தாலும் கடைசிக் கொள்கையை இழக்கக்கூடாது என்று தவித்து, ஆக்ஸ்போர்டில் பிரசித்தி பெற்ற பண்டிதரான டாக்டர் பூஸியிடம் நேரில் சென்றார். அவரோ இந்த மாது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் படித்துவிட்டாரென்றும், இனிப் படிக்காமல் பிரார்த்தனை செய்ய வேண்டுமென்றும், அவிசுவாசத்தை யாரிடமும் வெளியிடலாகாதென்றும் கூறி அனுப்பிவிட்டார். நோயாளி கேட்டது மருந்து. வைத்தியர் கொடுத்தது வாய்ப்பூட்டு. இத்தகைய வைத்தியர்களால் மதத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் நாஸ்திகர்களால் ஏற்பட்டதைக் காட்டிலும் அதிகம் என்பது எமது அபிப்பிராயம்.

ஸிப்ஸி கிராமத்தில் விஷஜுரம் பரவியபோது குடிசை குடிசையாகச் சென்று நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர் இந்த அம்மையார்தான். ஆகவே கிராமத்தார் அவரிடம் மிகுந்த பிரியம் வைத்திருந்தனர். கோயிலில் பொதுப் பிரார்த்தனைக்குத் தொடர்ந்து போய்வந்தார். ஆனால் கிறிஸ்துவைத் தெய்வமாக ஏற்பவர் மட்டுமே கலந்துகொள்ளக்கூடிய திருவிருந்துச் சடங்கில் பொய்யாகக் கலந்துகொள்ள அவருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. முதல் முறை அவர் நடுவில் எழுந்து வெளியே சென்றபோது, குருவின் மனைவிக்கு உடம்பு சரியில்லை போலும் என்று எண்ணிக் கிராமத்தார் வீடு தேடி வந்து விசாரித்தார்களாம்! காரணம் வெளியாக வெகு நாளாகவில்லை.

1873-ம் வருஷத்தில் கணவர் முடிவாகக் கேட்டுவிட்டார்: திருவிருந்தில் கலந்துகொள்ள வேண்டும், அல்லது வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்ப வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நம்புகிறவரைப்போல் நடக்க வேண்டும் என்றே கேட்டார். அவருடைய ஜீவனமும் கௌரவமும் அக்கோயிலைச் சார்ந்தவை. மனைவி சபைநடுவே எழுந்து போவதைச் சகித்துக்கொண்டு எந்தக் குருவானவரும் வேலைபார்க்க இயலாது. இவ்வளவையும் அவருக்குச் சாதகமாக ஒப்புக்கொண்ட பிறகும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசினால் குடும்பம் நிலைக்கும், உண்மை பேசினால் குலையும் என்ற ஏற்பாட்டில் ஏதோ பெருங்குறை இருக்கிறதென்பதை மறுக்க முடியாது. கணவரின் கோபத்தைக் காட்டிலும் தாயாரின் கண்ணீரே அம்மையாரை அதிகம் வாட்டியது. வெளிக்காவது இணங்கிப்போ என்று தாயார் மன்றாடினார். அப்போதும் அம்மையார் இணங்கவில்லை. அவருக்கு வயது இருபத்தைந்து.

பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டது. மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் இருக்க வேண்டுமென்றும், கணவர் சொற்ப ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமென்றும் ஏற்பாடாயிற்று. உடன்பிறந்த சகோதரர் தம் வீட்டில் இடந்தர முன்வந்தார். ஆனால் மதக் கொள்கையில் மாறுபட்ட நண்பர்களின் தொடர்பை அறவே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு சிறையிலிருந்து தப்பி மற்றொன்றில் புக அம்மையார் விரும்பவில்லை. சில வாரங்கள் ஊசிவேலை செய்து நான்கரை ஷில்லிங் சம்பாதித்தார். வேறொரு பாதிரியார் வீட்டில் உபாத்தியாயினியாக இருந்து, சமையலும் செய்து, நோயாளிகளுக்குப் பணிவிடையும் செய்தார். பட்டணத்தில் சாப்பிட்டுக்கொள்வதாக வீட்டில் கூறிவிட்டுப் பிரிட்டிஷ் மியூஸியத்து வாசகசாலைக்குப் போய், சாப்பிடாமலே படித்துவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு.

இதற்கிடையே தாயார் மரணப்படுக்கையில் வீழ்ந்தார். சாகுமுன் திருவிருந்து பெற வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஆனால் மகளும் உடன் பெற்றாலன்றித் தாம் பெறுவதில்லை என்று உறுதியாகக் கூறிவிட்டார். மகளைப் பிரிந்து மோட்சம் போவதைவிட மகளோடு நரகம் புகுவதே மேல் என்பது அந்த அன்னையின் எண்ணம். கணவருக்காகச் செய்ய மறுத்ததை மகள் தாய்க்காகச் செய்ய இசைந்தார். எனினும் தம் அவிசுவாசத்தை மறைத்துச் செய்ய உடன்படவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டபோது இரண்டு பாதிரிமார் மறுத்தனர். கடைசியாக வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தின் தலைவரான டீன் ஸ்டான்லியிடம் சென்றார். அந்தப் பெரியவர் தயங்காமல் நோயாளியின் வீட்டுக்கு வந்து, ஒருவருடைய நடத்தையே கடவுளுக்கு முக்கியம், கொள்கை பேதம் மனிதரைப் பிரிப்பதற்கன்று என்ற கருத்துப்பட ஆறுதல் கூறி, தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே திருவிருந்து அளித்தார். 1874-ம் வருஷம் மே மாதம் தாயார் அமைதியாக உயிர்நீத்தார்.

அவ்வருஷம் ஆகஸ்டில் சார்லஸ் பிராட்லாவின் நட்பு கிடைத்தது. அவர் வரலாறும் இதைப் போன்றதே. சிறு வயதில் ஞாயிறு பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருந்து, சுவிசேஷங்களையும் சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளையும் ஒப்பிட்டு, முரண்பாடு கண்டு பாதிரியாரிடம் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதில் தண்டனை கிடைத்தது. மூன்று நாளில் கருத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் வேலை போய்விடும் என்று தந்தையின் மூலம் எச்சரிக்கை வரவே, பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டு வெளியேறினான். பின்னாளில் பார்லிமெண்டில் இந்தியாவின் சார்பாக ஓயாது வாதாடி, 1889-ம் வருஷம் பம்பாய்க் காங்கிரஸுக்கு நேரில் வந்தவர் இவரே. 1891-ல் இவர் காலமானபோது லண்டனில் மாணவராக இருந்த காந்தியடிகள் இவருடைய அடக்கத்துக்குச் சென்றிருந்தார்.

நிற்க. 1877-ம் வருஷத்தில், பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றி அமெரிக்க வைத்தியர் ஒருவர் எழுதிய சிறு நூலை வெளியிட்டதற்காக இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதச் சிறைவாசத் தீர்ப்பு அப்பீலில் தள்ளுபடியாயிற்று. ஆனால் பிராங்க் பெஸண்டுக்கு இது ஒரு வாய்ப்பாயிற்று. நாஸ்திகம் பேசுபவளும் இத்தகைய நூலை வெளியிடுபவளும் குழந்தை வளர்க்கத் தகுதியற்றவள் என்று கோர்ட்டில் மனுச் செய்தார். 1878-ம் வருஷம் மே மாதம் ஸர் ஜார்ஜ் ஜெஸல் என்ற நீதிபதி, பிரிவினைப் பத்திரத்தையும் பொருட்படுத்தாமல் மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தார். ஜெஸல் யூத மதத்தினர். யூதரைப் பார்லிமெண்டில் உட்காரவிடாமல் சட்டம் தடுத்திருந்த காலத்தையும் கண்டவர். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை அவரும் ஒப்புக்கொள்பவரல்லர் என்பதை நினைத்தால் விதியின் விளையாட்டென்றே சொல்ல வேண்டும்! அலறித் துடித்த ஏழு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துச் சென்றனர். தாய் கடும் ஜுரத்தில் வீழ்ந்தார். 1879-ல் அப்பீல் கோர்ட்டு, குழந்தைகளைப் போய்ப் பார்க்கும் உரிமையை மட்டும் வழங்கியது. ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளுக்கு வேதனையாக முடிவதைக் கண்டு, அவர்கள் வளர்ந்து தாமே வரும்வரை பார்ப்பதில்லை என்று தீர்மானித்தார். வயது வந்ததும் இருவரும் தாயைத் தேடி வந்தனர். தந்தையோ 1917-ல் காலமாகும் வரையில் ஸிப்ஸியிலேயே குருவாக இருந்தார்.

1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலைப் படித்துத் தியாஸபியில் சேர்ந்தபோது, பெஸண்டு அம்மையார் மற்றொரு பிரிவுக்கு உள்ளானார். இம்முறை நம்பிக்கையை இழந்ததால் அன்று, பெற்றதால்! முன்கூட்டி ஒரு வார்த்தைகூடத் தம்மிடம் கூறவில்லையே என்று பிராட்லா மனம் வருந்தி, அவ்வருத்தத்தைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். ஆனால் தூற்றவில்லை. கூட்டாக நடத்திய வேலை நின்றது, மரியாதை நிற்கவில்லை.

இந்தியா வந்த பிறகு நடந்த ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் உலக குருவின் வருகைக்காக வளர்த்துவந்த அம்மையாரிடமிருந்து பிள்ளைகளைத் திரும்பப் பெற, தகப்பனார் நாராயணையா 1912-ல் சென்னையில் வழக்குத் தொடர்ந்தார். மத நம்பிக்கையைக் காரணமாகக் காட்டித் தம் குழந்தையைப் பறித்த கோர்ட்டை ஆயுள் முழுதும் மறவாதவர், தமது நம்பிக்கையை முன்னிட்டு மற்றொரு தந்தையின் குழந்தைகளை விட மறுத்து, தாமே எழுந்து வாதாடினார். ஹைக்கோர்ட்டில் தோற்று, 1914-ல் பிரிவி கவுன்ஸிலில் ஜெயித்தார். அந்த ஜெயம் எமக்குத் திருப்தியளிப்பதாக இல்லை. அந்தத் தகப்பனாரின் துயரம் அம்மையாருக்குப் புதியதன்றே!

அப்பிள்ளையே 1929-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி ஹாலந்தில் ஒம்மன் என்ற இடத்தில், மூவாயிரம் பேர் கூடிய சபையில், அம்மையாரின் முன்னிலையிலேயே, தமக்காக ஏற்பட்ட சங்கத்தைக் கலைத்து, தமக்குச் சீடர்கள் வேண்டாமென்று அறிவித்தார். எண்பத்தொரு வயது மூதாட்டி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கம் போயிற்று, ஆனால் அவரைப் பிள்ளை என்று கருதுவதை அம்மையார் நிறுத்தவில்லை. அவரும் அம்மையாரை அம்மா என்றே அழைத்துவந்தார். 1933-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் அம்மையார் காலமானார்.