பட்டம் வாங்காத நாலு வருஷம்



முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ராத்திரி நம்ம ஹாஸ்டலில் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் ஒரே பேச்சுதான். இந்தப் படிப்பு நமக்குச் சரிப்பட்டு வருமா, பேசாமல் விட்டுட்டுப் போயிடலாமா? இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. இங்கே சேர்வதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஒரு வருஷம் படித்து, பிடிக்காமல் நின்று, அடுத்த ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவன் நான். அதனால்தான் வகுப்பில் எல்லோரும் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறீர்கள்!

அந்த வருஷத்தில் தெருவில் யாரைப் பார்த்தாலும் தம்பி இப்ப என்ன பண்றே என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லப் பயந்து கிளை நூலகத்தில் போய் ஒளிந்துகொள்வேன். அங்கே கையில் கிடைத்ததுதான் கலிலியோவின் வாழ்க்கை வரலாறு. டெலஸ்கோப் கலிலியோவை எட்டாம் வகுப்பிலேயே நமக்குத் தெரியும். மெடிக்கல் காலேஜை பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கலிலியோவை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1564 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் பிசா நகரத்தில் பிறந்தான். மூத்த பிள்ளை. அப்பா வின்சென்சோ சங்கீத வித்துவான். லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர், இசை இலக்கணம் பற்றிப் புத்தகம் எழுதியவர். பெயர் இருந்தது, பணம் இல்லை. பக்கத்திலேயே துணி வியாபாரமும் பார்த்துக்கொண்டார். பையனுக்குப் பத்து வயசு ஆகும்போது குடும்பம் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவனை மலைமேல் ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த இடம் பிடித்துப்போய் பையன் சாமியாராகவே ஆகிறேன் என்று நின்றான். அப்பா பதறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருடைய கணக்கு வேறு. அந்தக் குடும்பத்தில் நூறு வருஷத்துக்கு மேலே முன்னால் இதே கலிலியோ என்ற பெயரில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். ஃபிளாரன்ஸில் மரியாதையோடு வாழ்ந்தவர். மகனும் அப்படி டாக்டராகி நாலு காசு சம்பாதித்துக் குடும்பத்தைக் கரை சேர்க்க வேண்டும். எந்த அப்பாதான் இப்படி நினைக்கமாட்டார்? 1581இல், 17 வயதில், பிசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்த்துவிட்டார்.

அங்கே நடந்த பாடம் என்ன தெரியுமா? கேலன் என்ற வைத்தியர் ஏறக்குறைய 1400 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்ததை ஆசிரியர் லத்தீனில் படிப்பார். அதற்கு விளக்கம் சொல்வார். பிறகு அரிஸ்டாட்டில். அதுவும் அதே மாதிரிதான். கனமான பொருள் வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறாரா, சரி, எழுதிக்கோ. ஒருவரும் ஒரு கல்லை எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை. பிராக்டிகல் என்ற வார்த்தைக்கே அங்கே வேலை குறைவு. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிற பையன் என்று அவனுக்குப் பேர் வந்துவிட்டது என்று சொல்வார்கள்.

பிசா கோயிலில் ஆடிய விளக்கைப் பார்த்து, கை நாடியை வைத்து நேரம் எண்ணி, ஊசல் விதியைக் கண்டுபிடித்தான் என்று நாம் எல்லோரும் பாடத்தில் படித்தோமே, அது இந்த மாணவப் பருவத்துக் கதைதான். கடைசிக் காலத்தில் கூட இருந்த சீடர் விவியானி எழுதி வைத்தது. ஆனால் அந்த விளக்கு என்று இன்று காட்டுகிறார்களே, அது 1587இல்தான் அங்கே தொங்கவிடப்பட்டது. அதற்கு முன்பே பையன் காலேஜை விட்டு வந்துவிட்டான்! வேறு ஏதாவது விளக்கைப் பார்த்திருக்கலாம். ஊசல் பற்றி அவர் கைப்பட எழுதி நமக்குக் கிடைப்பது 1602ஆம் வருஷக் கடிதம்தான். அதனால் விளக்குக் கதையை இந்த இடத்தோடு விட்டுவிடுவோம்.

உண்மையிலேயே அவனை மாற்றியது ஒரு வாத்தியார். பெயர் ஒஸ்டிலியோ ரிச்சி. அரண்மனைக் கணித ஆசிரியர். குளிர்காலத்தில் கிறிஸ்துமஸ் முதல் ஈஸ்டர் வரை அரச பரிவாரம் பிசாவுக்கு வந்து தங்கும். கூடவே ரிச்சியும் வருவார். அரண்மனையில் வேலை செய்கிற பையன்களுக்கு யூக்ளிடின் ஜியோமிதி நடத்துவார். 1583இல் ஒருநாள் கலிலியோ அந்த வகுப்பு நடக்கிற இடத்துக்குப் போனான். காதில் விழுந்தது, பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் போனான். மெடிக்கல் மாணவன் வேறு ஒருவருடைய வகுப்பில் திருட்டுத்தனமாக உட்கார்ந்து கணக்குப் படிக்கிறான், எப்படி இருக்கிறது பாருங்கள்!

ரிச்சி கணக்கை வெறும் தியரியாகச் சொல்பவர் அல்ல. நிலம் அளக்க, கோட்டை கட்ட, படம் வரைய, கருவி செய்ய என்று கைவேலையோடு சேர்த்துச் சொல்பவர். ஏறக்குறைய நம்ம பாலிடெக்னிக் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். யூக்ளிடுக்குப் பிறகு ஆர்க்கிமிடீஸையும் காட்டினார்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவருக்கே கணக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கணக்கு சோறு போடாது என்பதும் தெரியும். ரிச்சியே நேரில் வந்து பையனுக்காகப் பேசினார். மருத்துவத்தை விடாமல் இதையும் படிக்கட்டும் என்று அப்பா அரைமனசாகச் சம்மதித்ததாக விவியானி சொல்கிறார். ஆனால் மருத்துவப் புத்தகம் மூடியது மூடியபடியே இருந்தது. 1585இல், நாலு வருஷம் படித்தும் பட்டம் வாங்காமல், 21 வயதில் கலிலியோ ஃபிளாரன்ஸுக்குத் திரும்பினான். நம்ம பாஷையில் சொன்னால் டிஸ்கன்டின்யூ!

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நிலைமை இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டாம். நாலு வருஷச் செலவு போச்சு. தங்கைகள் இருக்கிறார்கள், கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க வேண்டும். தம்பி சின்னப் பையன். மூத்தவன் சும்மா வந்து நிற்கிறான்.

இதற்குப் பிறகு 1589 வரை நாலு வருஷம் அவனுக்கு நிலையான வேலை கிடையாது. பெரிய பெரிய வரலாறுகளில் இந்த நாலு வருஷத்தை நாலு பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

என்ன செய்தான்? முதலில் டியூஷன். ஃபிளாரன்ஸிலும் சியனாவிலும் போய்ப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். பெரிய வருமானம் இல்லை, ஆனால் கையில் ஏதோ வந்தது.

அடுத்தது 1586இல், 22 வயதில், ஒரு தராசு. ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தில் கலப்படம் கண்டுபிடித்த கதை தெரியுமல்லவா? தொட்டியில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்தார் என்பார்கள். கலிலியோவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இப்படிக் கொட்டிக் கவிழ்த்து அளந்தால் துல்லியம் எங்கிருந்து வரும், அவ்வளவு பெரிய மூளை இதைவிட நல்ல வழியைத்தான் பிடித்திருக்கும் என்று யோசித்து, தானே ஒரு கருவிக்கு வழி எழுதினான். நீளமான தராசுக்கோல். ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் எதிர் எடை. உலோகத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் எடை குறைந்ததுபோல் காட்டும். 19 கிராம் தங்கம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் குறையும். 19 கிராம் வெள்ளி என்றால் 1.8 கிராம் குறையும். அதற்கேற்ப எதிர் எடையை நடுவுக்குத் தள்ளினால்தான் கோல் மறுபடி சமமாகும். சுத்தத் தங்கத்துக்கு ஒரு இடம், சுத்த வெள்ளிக்கு ஒரு இடம். கலப்படம் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். எவ்வளவு கலப்படம் என்பதையும் அந்த இடமே சொல்லிவிடும்.

கஷ்டம் எங்கே என்றால், அந்த இரண்டு குறிக்கும் நடுவில் உள்ள சின்ன இடத்தை எப்படிச் சமமாகப் பிரிப்பது? வெர்னியர் ஸ்கேல் அப்போது கிடையாது, அது 1631இல்தான் வந்தது. பையன் என்ன செய்தான் தெரியுமா? கோலின்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றும் ஒரு பிரிவு! அவ்வளவு மெல்லிய கம்பியைக் கண்ணால் எண்ண முடியாது. அதற்கும் வழி: கூர்மையான ஊசியால் கம்பிகள்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். காதாலும் கையாலும் எண்ணிக்கொள்ளலாம். வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது தோன்றும் என்று எனக்குப் படுகிறது. சின்னத் தராசு என்ற அந்தக் கட்டுரையை லத்தீனில் எழுதாமல் ஊர் மொழியில் எழுதினான். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே கைமாறியது.

அதே வருஷங்களில் அப்பாவும் வீட்டில் ஒரு சோதனையில் இறங்கியிருந்தார். நரம்புகளில் எடையைத் தொங்கவிட்டு மீட்டிப் பார்ப்பது. ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகவேண்டும் என்றால் எடையை இரண்டு மடங்காக்கினால் போதும் என்று பழைய நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. வின்சென்சோ தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு வேண்டும்! ஆயிரம் வருஷத்துக்கு மேல் எல்லோரும் சொன்னதை ஒரு மனுஷன் வீட்டில் சோதித்துத் தப்பு என்று காட்டினார். மகனும் கூட நின்று உதவியிருப்பான் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். படிப்பை விட்ட மகனை அப்பா விரட்டினார், திட்டினார் என்று நாம் கதை கட்டுவது சுலபம். பல்கலைக்கழகத்தில் கிடைக்காத பிராக்டிகல் அந்த வீட்டில் கிடைத்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என் ஒரு வருஷத்தில் முதல் ஆறு மாசம் கேரம் போர்டிலும் தூக்கத்திலும் போனது. நான் விட்டது தப்பான படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் விட்டேன். கலிலியோ விடுவதற்கு முன்பே இரண்டு வருஷமாக வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழாவது மாசம் ஊரில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பிறகுதான் எனக்கே மெக்கானிக்கல் என்ற எண்ணம் வந்தது. ஆகவே கலிலியோவே விட்டுட்டார், நானும் விடறேன் என்று யாராவது கிளம்பினால், நண்பரே, முதலில் உங்கள் ரிச்சி யார் என்று எனக்குச் சொல்லுங்கள்!

கதைக்கு வருவோம். தராசுக்குப் பிறகு, திடப்பொருள்களின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் வழியில் சில தேற்றங்களை நிரூபித்தான். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு 1587இல் ரோமுக்குப் போய் கிளேவியஸ் என்ற பெரிய கணித மேதையைப் பார்த்தான். அவர் ஒரு நிரூபணத்தில் சந்தேகம் எழுப்பினார். குயிடோபால்டோ டெல் மோன்ட்டே என்ற பிரபுவுக்கும் எழுதினான். அவரும் முதலில் தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார். பொலோன்யா பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர் இடம் காலியானது. மனுப் போட்டான். 1588இல் அது மாஜினி என்பவருக்குப் போய்விட்டது. மாஜினி வயதில் மூத்தவர், பட்டம் வாங்கியவர்.

அதே வருஷம் ஃபிளாரன்ஸ் அறிஞர் சபையில் ஒரு வேடிக்கையான தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். மகாகவி தாந்தே வர்ணித்த நரகத்தின் நீள அகலம் என்ன? நரகத்துக்குப் பிளான் போடு என்கிற மாதிரி! கலிலியோ கணக்குப் போட்டுக் காட்டினான். அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு மேல் கூரை நிற்குமா என்ற கேள்விக்கு, ஊரில் இருக்கிற கட்டடக் கூரையின் விகிதத்தையே வைத்து நிற்கும் என்று சொன்னான். இந்த இடத்தை சிவில் நண்பர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குயிடோபால்டோ சும்மா பாராட்டியதோடு நிற்கவில்லை. செல்வாக்குள்ள இடங்களில் சிபாரிசு செய்தார். 1589இல் வேலை கிடைத்தது. எங்கே? அதே பிசா பல்கலைக்கழகத்தில்! பட்டம் வாங்காமல் போன இடத்துக்கே 25 வயதில் கணித ஆசிரியர். சம்பளம் வருஷத்துக்கு 60 ஸ்கூடி; மருத்துவம் நடத்தியவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. அப்பா போட்ட கணக்கும் தப்பில்லை பாருங்கள். (இனிமேல் அவர் என்றுதான் எழுதவேண்டும், லெக்சரர் ஆகிவிட்டாரே!)

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 1591இல் அப்பா காலமானார். தங்கை சீர்வரிசைக் கடன் முழுவதும் தலையில் விழுந்தது. 1592இல் பாதுவாவுக்கு மாறினார், 180 ஃபுளோரின் சம்பளத்தில். பற்றாக்குறைக்கு வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார், டியூஷன் எடுத்தார், ஒரு கைவினைஞரை வைத்து அளவைக் கருவிகள் செய்து விற்றார். அந்தப் பட்டறைக் கைதான் 1609இல் டெலஸ்கோப்பைச் செய்தது. 1610 ஜனவரியில் வியாழனுக்கு நாலு சந்திரன்களைப் பார்த்தது. பூமி சுற்றுகிறது என்று வாதாடியதற்காக 1633இல் ரோமில் விசாரணை. மிச்சக் காலம் முழுவதும் வீட்டுக் காவல்.

அந்தக் காவலில் இருந்துகொண்டேதான் தன் கடைசிப் புத்தகத்தை முடித்தார். இத்தாலியில் அச்சிட வழியில்லை. பிரதி ஹாலந்துக்குப் போய் 1638இல் லேய்டன் நகரத்தில் வெளிவந்தது. இரண்டு புதிய அறிவியல்கள் என்பது பெயர். ஒன்று இயக்கம். இன்னொன்று நாம் அரியர் வைக்கிற ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்! சுவரில் செருகிய விட்டத்தின் வலிமை அகலத்துக்கும், ஆழத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப இருக்கும் என்று அதில் காட்டினார். விகிதம் சரி, மாறிலிதான் மூன்று மடங்கு தப்பு. ஒரு அமைப்பை அதே விகிதத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது தன் எடையைத் தானே தாங்காது என்பதும் அதில் இருக்கிறது. அதாவது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நரகத்துக்குப் போட்ட கூரை நிற்காது!

புத்தகம் வந்தபோது அவருக்கு 74 வயது. இரண்டு கண்ணும் போய்விட்டது. கையில் வாங்கித் தடவித்தான் பார்க்க முடியும். அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்திருந்தார். திடப்பொருள்களின் ஈர்ப்பு மையம் பற்றிய தேற்றங்கள். பட்டமும் இல்லாமல், வேலையும் இல்லாமல், அப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதியது.