நான்மொழியால் நாதனைப் போற்றிய தூப்புல் பிள்ளை

ஸ்ரீ:

உத்ஸவ காலங்களில் திவ்யதேசங்களை ஸேவிக்க வரும் அன்பர்கள் அனைவரும் கண்டு களித்த காட்சி ஒன்றுண்டு. வீதிப் புறப்பாட்டிலே பெருமாளுக்கு முன்பாகச் செந்தமிழ்ப் பாசுரங்களை அநுஸந்தித்துக்கொண்டு திவ்யப்ரபந்த கோஷ்டி செல்லும். பெருமாளுக்குப் பின்பாக வடமொழி மறையை ஓதிக்கொண்டு வேதபாராயண கோஷ்டி தொடரும். இவ்விரண்டு ஒலிகளுக்கும் நடுவே எம்பெருமான் எழுந்தருள்வான். இவ்விரண்டையும் ஒரே நாவில் தாங்கி, அவற்றோடு வேறு இரண்டையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த மஹாசார்யர் ஸ்வாமி தேசிகன் ஆவார். எந்த மொழி அவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது, அதை அவர் யாருக்காக எடுத்தாண்டார் என்பதை, அவரது திருநக்ஷத்ர உத்ஸவத்திற்கு வந்திருக்கும் அன்பர்களுக்கு அடியேன் அறிந்த அளவில் விண்ணப்பிக்கிறேன்.

1268ஆம் ஆண்டு, விபவ வருஷம், புரட்டாசித் திங்கள் திருவோண நக்ஷத்ரத்தில், காஞ்சிமாநகரைச் சேர்ந்த தூப்புலில், அனந்தஸூரிக்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராக ஸ்வாமி அவதரித்தார். திருவேங்கடமுடையானுடைய திருமணியின் அம்சமாகத் தோன்றியவர் என்பது பெரியோர் கொள்கை. ஆதலின் வேங்கடநாதன் என்று திருநாமம் சாற்றினர். பிறந்த இல்லம் வேள்வியும் வேதமும் விளங்கிய இல்லம். இல்லத்தை அடுத்திருந்ததோ திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருத்தண்கா, விளக்கொளிப் பெருமாள் ஸந்நிதி. ஆகவே வீட்டினுள்ளே வடமொழியும் வீதியிலே ஆழ்வார்களின் தமிழும் கேட்டு வளரும் பேறு அக்குழந்தைக்கு வாய்த்தது.

அம்மான் கிடாம்பி அப்புள்ளார் பேரறிஞர். ஐந்து பிராயத்தில் மருமகனை அழைத்துக்கொண்டு பேரருளாளன் திருக்கோயிலில் நடாதூர் அம்மாள் ஸாதித்த காலக்ஷேப கோஷ்டிக்குச் சென்றார் என்றும், குழந்தையின் தேஜஸ்ஸில் ஈடுபட்ட அம்மாள் விட்ட இடத்தை மறந்தபோது அக்குழந்தையே அதனை எடுத்துக் கொடுத்தது என்றும் குருபரம்பரை கூறும். காலக்ஷேபம் என்பது வடமொழி மூலத்தை எடுத்துக்கொண்டு அதன் பொருளைத் தமிழில் விரித்துரைக்கும் முறையன்றோ! மூலத்தின் சொல்லும் விளக்கத்தின் சொல்லும் பிணைந்து வரும் அப்பேச்சு இளமையிலேயே அவர் செவியில் ஊறியது. இருபது பிராயம் நிறைவதற்குள் ஸகல சாஸ்த்ரங்களும் அம்மானிடமே கைவந்தன.

அம்மான் உபதேசித்த கருட மந்த்ரத்தை ஜபிக்க ஸ்வாமி நாடிய இடம் கெடில நதிக்கரையிலுள்ள திருவஹீந்த்ரபுரம். அங்கே ஔஷதகிரியில் தவம் இருந்து, கருடனையும் பரிமுகக் கடவுளாகிய ஹயக்ரீவனையும் ஸாக்ஷாத்கரித்தார் என்பர். அவ்வூரில் பல்லாண்டுகள் எழுந்தருளியிருந்து தேவநாதன் ஒருவனையே மூன்று மொழிகளில் பாடினார். தேவநாயக பஞ்சாசத் வடமொழியில் அமைந்தது. மும்மணிக்கோவையும் நவமணிமாலையும் தமிழில் அமைந்தன. அச்யுத சதகம் என்னும் 101 காதைகள் ப்ராக்ருத மொழியில் அமைந்தன.

தென்னாட்டில் எவரும் இல்லத்தில் பேசாத ப்ராக்ருதம் எதற்கு என்று சிலர் வினவலாம். வடமொழி நாடகங்களில் அரசரும் அந்தணரும் ஸம்ஸ்க்ருதம் பேசுவர். பெரும்பாலும் பெண்டிர் பேசுவது ப்ராக்ருதமே. பராங்குச நாயகியாகவும் பரகால நாயகியாகவும் ஆழ்வார்கள் பெண்மை நிலை எய்திப் பாடிய மரபில் வளர்ந்த ஸ்வாமி, தாமும் தேவநாதனுக்கு நாயகியாக நின்றபோது, பெண்ணுக்கு உரிய மொழியையே மேற்கொண்டார் என்று ரஸிகர்கள் உரைப்பர். கற்ற நூல் தந்த மொழியையும் ஆழ்வார்கள் தந்த பாவத்தையும் அந்நூலில் ஒருங்கே காண்கிறோம்.

நான்காவது நடை மணிப்ரவாளம். ஸ்ரீபாஷ்யகாரராகிய எம்பெருமானார் அருளிய ஒன்பது நூல்களும் வடமொழியில் அமைந்தவை. அவருடைய சிஷ்யரான திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி இயற்றியபோது, தமிழ் வாக்கியத்தில் வடசொற்களைக் கோத்த நடை வியாக்யானத்திற்கு உரியதாயிற்று. அந்த வழியிலேயே ஸ்வாமி 32 அதிகாரங்களில் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரத்தை அருளினார். ஒவ்வோர் அதிகாரத்திலும் வடமொழி ச்லோகமும் உண்டு. தமிழ்ப் பாசுரமும் உண்டு. வேதாந்த விசாரத்திற்கு வரமுடியாத மாந்தருக்கும் சரணாகதியின் பொருள் எட்ட வேண்டும் என்னும் கருணையே இதற்குக் காரணம். அவ்வாறே தமிழறியாத வித்வான்களும் நம்மாழ்வாரின் திருவுள்ளத்தை அறிய வேண்டி, திருவாய்மொழி 1102 பாசுரங்களின் ஸாரத்தை த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளி என்று 130 வடமொழி ச்லோகங்களில் வடித்துக் கொடுத்தார். வடக்கே இருப்பதைத் தெற்கே இறக்கியவர் பலர். தெற்கே விளைந்ததை வடமொழியாளர் வாயிலுக்குச் சுமந்து சென்றமை இவருடைய தனிச்சிறப்பு.

ஸ்ரீரங்கத்திலே ஸ்வாமி எழுந்தருளியிருந்த காலத்தில், 1323 அளவில், தில்லிப் படை கோயிலைச் சூழ்ந்தது. அவ்விபத்தில் ஸுதர்சன ஸூரி தம் இரு குமாரர்களையும், ஸ்ரீபாஷ்யத்திற்குத் தாம் எழுதிய ச்ருதப்ரகாசிகை என்னும் உரையின் சுவடிகளையும் ஸ்வாமியிடம் ஒப்படைத்தார். உயிரிழந்த உடல்களின் நடுவே மறைந்து கிடந்து அன்றிரவு தப்பினார் என்றும், பிள்ளைகளையும் சுவடிகளையும் காத்துக்கொண்டு கன்னட நாட்டில் காவிரிக் கரையிலுள்ள ஸத்யாகாலம் சென்று சேர்ந்தார் என்றும் பூர்வர்கள் கூறுவர். அரங்கன் மீண்டும் அச்சமின்றி எழுந்தருள வேண்டும் என்று அபீதிஸ்தவம் பாடியது அங்கேதான். 1369ஆம் ஆண்டு வரை நூறு பிராயத்திற்கு மேல் வாழ்ந்து அவர் பரமபதம் அடைந்தார். குமாரர் நயினாராசார்யர், ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரராகிய தம் தந்தையைப் போற்றிப் பிள்ளையந்தாதி பாடத் தமிழையே தேர்ந்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, அடியேன் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தியையும் விண்ணப்பிக்க வேண்டும். திருவஹீந்த்ரபுரத்தில் ஸ்வாமி வேறு சில தமிழ்ப் பாக்களும் பாடியருளியதை நவமணிமாலையின் முடிவால் அறிகிறோம். பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என்பன அவை. பெண் குழந்தைகள் பந்தடிக்கும்போதும், கழற்சிக்காயை மேலே எறிந்து பிடிக்கும்போதும், ஊஞ்சல் ஆடும்போதும் பாடும் பாட்டு வகைகள் இவை. கவிதார்க்கிக ஸிம்ஹம் என்று போற்றப்பெற்று, வாதப்போரில் பிறமதத்தாரை வென்ற அந்த மஹான், தெருவில் விளையாடும் சிறுமியருக்கு ஏற்ற பாட்டிலும் பகவானைப் பாடியிருக்கிறார். ஆனால் அவ்வைந்தில் ஒன்றேனும் இன்று நமக்குக் கிட்டவில்லை. முப்பது பாக்கள் கொண்டதாக அமைய வேண்டிய மும்மணிக்கோவையிலும் பத்தே எஞ்சியுள்ளன.

படையெடுப்பின் நடுவே, பிணங்களின் இடையே கிடந்து காக்கப்பட்ட சுவடி இன்றும் நம் கையில் இருக்கிறது. எந்த வாளும் தீண்டாத சிறுமியர் பாட்டோ மறைந்துபோயிற்று. ஏட்டில் எழுதியவர் அசட்டை செய்தனரோ, பாடிய நாவுகள் ஓய்ந்தனவோ, குற்றம் யாருடையது என்று அடியேன் கூறத் துணியேன். ஆயினும் பாடசாலையில் பயின்ற இளமையில் பஞ்சாசத்தையும் சதகத்தையும் ஆவலோடு மனனம் செய்த அடியேன், தமிழ்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நவமணிமாலையை ஒதுக்கி வைத்திருந்தேன். வயது முதிர்ந்த பின்னரே அதனை முழுதும் கற்றேன். அவ்வாறு ஒதுக்கிய நாவுகள் பல சேர்ந்தால் ஒரு பாட்டு இறந்துபோகும் என்பது அப்பொழுது தெரியவில்லை.

ஆகையால் ஸேவார்த்திகளிடம் அடியேனது பிரார்த்தனை ஒன்றே. ஸ்வாமியின் தமிழ்ப் ப்ரபந்தங்களிலிருந்து ஒரு பாசுரத்தையேனும், எஞ்சிய மும்மணிக்கோவையிலிருந்து ஒரு பாவையேனும் உங்கள் இல்லத்துக் குழந்தைகளுக்கு, சிறப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, வாய்ப்பாடமாகக் கற்பியுங்கள். வடமொழி ஸ்தோத்ரம் அறிந்தவர்கள் அதனையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். ஒன்றை மேலாக்கி மற்றொன்றைக் கீழாக்குவது அவர் திருவுள்ளத்திற்கு உகப்பன்று. புறப்பாட்டிலே முன்னும் பின்னும் ஒலிக்கும் இரண்டு கோஷ்டிகளும் ஓயாமல் இருக்க, நம் வீடுகளில் நாவுகள் ஓயாமல் இருக்க வேண்டும். தூப்புல் பிள்ளையின் திருவடிகளே அதற்குத் துணை.

சுபம்