கல்லூரி காணாத பேராசிரியர் வால்டர் வில்லியம்ஸ்

தமிழ் பயிலும் நம் மாணவர்க்கு இதழியல் இன்று ஒரு தாளாக அமைந்திருக்கிறது. செய்தி எழுதவும், தலைப்பிடவும், மெய்ப்புத் திருத்தவும் வகுப்பறையிலேயே பயில்கின்றனர். இதில் வியப்பு ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால், செய்தித்தொழிலைக் கல்லூரியில் வைத்துக் கற்பிக்கலாம் என்று சொன்னவரைப் பார்த்துப் பத்திரிகை உலகமே நகைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நகைப்புக்கு அஞ்சாமல் ஒரு பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கென்று தனிப்பள்ளியை எழுப்பியவர் வால்டர் வில்லியம்ஸ். அவர் எந்தக் கல்லூரியிலும் மாணவராக இருந்து பட்டம் பெற்றவர் அல்லர் என்பதுதான் இதில் விந்தை.

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மிசூரி ஆற்றங்கரையில் பூன்வில் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1864 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2 ஆம் நாள் வில்லியம்ஸ் பிறந்தார். அந்நாட்டின் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் அடிமை முறையை முன்னிட்டு ஒன்றையொன்று வெட்டி மடிந்துகொண்டிருந்த காலம் அது. மிசூரி இரு தரப்புக்கும் நடுவே கிடந்த மாநிலம். அடிமைகளை வைத்திருந்த குடும்பங்களும் அங்கே இருந்தன, ஒன்றிய அரசின் படைக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களும் இருந்தன. இதனை நாம் இங்கேயே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அவருடைய வரலாற்றின் பிற்பகுதியில் இது மீண்டும் வந்து நிற்கும்.

பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். பதின்பருவம் முடியுமுன்னரே தாயையும் தந்தையையும் இழந்தார். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. ஊரில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றின் அச்சுக்கூடத்தில் எடுபிடிச் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தார். வாரம் முழுதும் உழைத்தால் கிடைத்த கூலி ஒரு டாலருக்கும் குறைவு. தரையைப் பெருக்குவது, உருளைக்கு மை பூசுவது, கலைந்து கிடக்கும் ஈய எழுத்துகளைப் பிரித்து அறைகளில் இடுவது எனத் தொடங்கி, எழுத்துக் கோப்பதற்கும் பின்னர் எழுதுவதற்கும் உயர்ந்தார். அக்காலச் சிற்றூர்ப் பத்திரிகையில் நிருபர் வேறு, ஆசிரியர் வேறு, அச்சுக்கோப்பவர் வேறு என்ற பிரிவினை கிடையாது. ஊரில் நடந்த திருமணத்தைக் கேட்டறிந்து வந்தவரே அதனை எழுதுவார், எழுதியவரே கோப்பார், கோத்தவரே மறுநாள் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்த வீட்டார் தெருவிலேயே மறித்துக் கேட்பார்கள். பிற்காலத்தில் துல்லியம் துல்லியம் என்று அவர் ஓயாது வற்புறுத்தியதற்கு இந்தத் தெருப்பள்ளியே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இருபது வயதளவில் பூன்வில் நகரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். சில ஆண்டுகளில் மிசூரி மாநிலப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். தலைநரைத்த ஆசிரியர்கள் நிறைந்த அவையில் அவர் ஓர் இளைஞர். பின்னர் அருகிலிருந்த கொலம்பியா நகருக்கு வந்து, எட்வின் ஸ்டீபன்ஸ் என்ற பதிப்பாளர் நடத்திய ‘மிசூரி ஹெரால்டு’ வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மாநிலப் பல்கலைக்கழகம் அமைந்திருந்த ஊர் அது. ஆகவே அதன் தொடர்பு இயல்பாகவே வாய்த்தது. 1892 இல் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் தீக்கிரையானபோது, பல்கலைக்கழகத்தையே வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்ற முயற்சி எழுந்தது. அதனைக் கொலம்பியாவிலேயே நிறுத்திவைக்கப் போராடியவர்களுள் வில்லியம்சும் ஒருவர். 1899 இல் அதன் ஆட்சிக்குழு உறுப்பினரானார். பட்டமில்லாத பத்திரிகையாளர், பட்டம் வழங்கும் நிறுவனத்தின் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தார்.

அந்த இருக்கையில் இருந்துகொண்டுதான் அவர் இதழியல் பள்ளிக்காக வாதாடினார். எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. செய்தித்தொழில் அச்சுக்கூடத்து மையிலும் இரவுக் கண்விழிப்பிலும் வருவதேயன்றிக் கரும்பலகையில் வருவதன்று என்றனர் பத்திரிகையாளர்கள். அவர்களிற் பலர் வில்லியம்சைப் போலவே எடுபிடியாகத் தொடங்கி உயர்ந்தவர்கள், தாம் வந்த வழியே வழி என்று நம்பியவர்கள். பேராசிரியர்களோ வேறு காரணம் கூறினர். கிரேக்கமும் கணிதமும் கற்பிக்கும் அவையில் இந்தக் கைத்தொழிலுக்கு என்ன இடம் என்பது அவர்களின் கேள்வி. இரண்டாவது எதிர்ப்பைத் தமிழாசிரியராகிய நாம் எளிதில் உணர முடிகிறது. ஒரு காலத்தில் நம் பாடத்துக்கும் உயர்கல்வி அவையில் இப்படித்தான் இடம் மறுக்கப்பட்டது.

இதே கருத்தை முன்னரே கொண்டிருந்தவர்களும் உண்டு. உள்நாட்டுப் போரில் தோற்ற தளபதி இராபர்ட் லீ, போருக்குப் பின் தாம் தலைமை வகித்த கல்லூரியில் அச்சுத்தொழிலும் இதழியலும் பயில்வோர்க்கு உதவித்தொகை வழங்க முயன்றார். அது நிலைக்கவில்லை. பாரிசு நகரில் 1899 இல் ஓர் இதழியல் பள்ளி தோன்றியது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை அளிக்க முன்வந்தார். ஆனால் 1911 இல் அவர் மறைந்த பிறகே, 1912 இல் அப்பள்ளி திறக்கப்பட்டது. கொலம்பியா என்ற பெயர் மாணவரைக் குழப்பக்கூடும். புலிட்சரின் செல்வம் சென்றது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு. செல்வமில்லாத வில்லியம்சு முந்திக்கொண்டது மிசூரியின் கொலம்பியா என்னும் சிற்றூரில்.

1908 ஆம் ஆண்டு செப்டம்பர் 14 ஆம் நாள் மிசூரிப் பல்கலைக்கழக இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. வில்லியம்ஸ் அதன் புலத்தலைவர். அவரையும் சேர்த்து ஆசிரியர் மூவர். அன்று காலை முதல் வகுப்பு நடந்தது. அன்றே அம்மாணவர்களின் கையால் ‘யுனிவர்சிட்டி மிசூரியன்’ என்ற நாளிதழின் முதல் இதழும் வெளிவந்தது. முழுச் சிறப்பும் இந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. அது மாணவர் கதை, கவிதைகளைத் தாங்கிய கல்லூரி மலர் அன்று. காசு கொடுத்து ஊரார் வாங்கும் செய்தித்தாள். வழக்குமன்றம், நகராட்சி, தீயணைப்பு நிலையம், சந்தை எனக் கொலம்பியா நகரின் ஒவ்வொரு மூலையிலும் மாணவர்கள் நிருபர்களாக நின்றனர். உண்மையான மனிதரைப் பற்றிய உண்மையான செய்தியை, உண்மையான கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் மறுநாள் ஊர் முழுதும் அறியும். தாம் பூன்வில் தெருவில் கற்ற அதே பாடத்தை அவர் வகுப்பறைக்குள் கொணர்ந்தார் என்பதைவிட, வகுப்பறையைத் தெருவுக்கு இட்டுச் சென்றார் என்பதே பொருந்தும். செய்து கற்கும் இம்முறை பின்னர் மிசூரி முறை என்றே பெயர் பெற்றது.

உள்ளூர்ப் பத்திரிகை நடத்துவோர் இதனை வரவேற்றுவிடவில்லை. அரசுப் பணத்தில் ஒரு தாள் தோன்றித் தங்கள் விளம்பரங்களைப் பறிக்கிறது என்று முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே அந்த நாளிதழ் தன் விற்பனையிலும் விளம்பரத்திலுமே நிற்க வேண்டியதாயிற்று. மாணவர்க்கு அதுவும் ஒரு படிப்பாக அமைந்தது. 1910 இல் மேரி பாக்ஸ்டன் அப்பள்ளியில் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். செய்தி அறைகளில் பெண்களுக்குச் சமையற்குறிப்புப் பகுதிக்கு மேல் இடம் தராத காலம் அது.

வில்லியம்ஸ் தாமே இதழியலின் வரலாற்றையும் கொள்கைகளையும் கற்பித்தார். உடன் பணியாற்றிய பிராங்க் மார்ட்டினுடன் சேர்ந்து 1911 இல் செய்தித்தொழில் பற்றிய பாடநூல் ஒன்றும் எழுதினார். எனினும் அவர் பெயரை இன்றளவும் நிறுத்தியிருப்பது அந்த நூலன்று. 1914 ஐ ஒட்டி அவர் வகுத்த இதழாளர் கொள்கை விளக்கம் என்னும் சிறு எழுத்தே. ஒரு பக்கத்தில் அடங்கும் அது, வாஷிங்டனிலுள்ள தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தின் சுவரில் வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்களின் இதழ் என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் மையக் கருத்து. நம் வீடுகளில் அமானிதம் என்று வழங்குகிறோமே, அச்சொல் இதற்கு மிகப் பொருந்தும். பிறர் கைக்கூலி பெற்று எழுதுவது எவ்வளவு இழிவோ, தன் ஆதாயம் கருதி எழுதுவதும் அவ்வளவே இழிவு என்ற கருத்தும் அதில் உண்டு. இறைவனுக்கு அஞ்சுதலையும் மனிதனை மதித்தலையும் நல்ல இதழியலின் இலக்கணமாக அது வைக்கிறது. கைக்கூலியைக் கண்டித்தவர் பலர். தன் பணப்பையே தனக்குக் கைக்கூலி தரக்கூடும் என்று எச்சரித்தவர் சிலரே.

அவர் நாடுநாடாகப் பயணம் செய்தவர். 1904 இல் செயிண்ட் லூயி நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் பிறநாட்டுப் பத்திரிகையாளர்களைச் சந்தித்து அழைத்தார். 1915 இல் உருவான உலகப் பத்திரிகைப் பேரவைக்குத் தலைவரானார். சீனாவோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. பீக்கிங் நகரின் யென்சிங் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வளர மிசூரிப் பள்ளி துணைநின்றது. சீன அரசு அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு கற்சிங்கங்கள் இதழியல் பள்ளியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தன. நம் நாட்டிலும் இக்கல்வி மெல்ல வேரூன்றியது. 1938 இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், சர் ஷா முகம்மது சுலைமான் முயற்சியால் இதழியல் வகுப்பு தொடங்கியதையும், அது நெடுநாள் நீடிக்காததையும், 1947 இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதனை ஏற்றதையும் இங்கே நினைவுகூர்வது தகும்.

இத்தகைய மனிதரின் வாழ்வை எழுதும்போது புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது எளிது. ஆனால் உள்ளதை உள்ளவாறு எழுதுக என்று கற்பித்தவரின் வரலாற்றில் அவ்வாறு செய்வது முறையாகாது.

1923 ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கொலம்பியா நகரில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர், பேராசிரியர் ஒருவரின் மகளைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்தார். விசாரணைக்கு முன்பே, நள்ளிரவில் ஒரு பெருங்கூட்டம் சிறையை உடைத்து அவரை இழுத்துச் சென்று, பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பாலத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. அப்பெண்ணின் தந்தையே அங்கு வந்து, சட்டத்தின் கையில் விட்டுவிடுமாறு மன்றாடியும் கூட்டம் கேட்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் மாணவர்களும் இருந்தனர். அங்கே வேறொரு மாணவரும் நின்றிருந்தார். சார்லஸ் நட்டர் என்ற அவர் வில்லியம்சின் பள்ளியில் பயின்று, அதன் நாளிதழுக்குச் செய்தி சேகரித்தவர். கண்டதை எழுதினார். பின்னர் வழக்குமன்றத்தில் ஏறி, கொலையை முன்னின்று நடத்தியவரை அடையாளம் காட்டிச் சான்றும் கூறினார். சான்றாயர் குழு சில நிமிடங்களிலேயே அம்மனிதரை விடுதலை செய்தது. ஊரே ஒரு பக்கம் நிற்க, ஓர் இளைஞர் கண்டதைக் கண்டவாறு கூறினார். மிசூரி முறை எதற்காகத் தோன்றியது என்று எவரேனும் கேட்பின், நாம் முதலில் இதனையே காட்டுவோம்.

ஆயினும் அந்த இளைஞரைப் பயிற்றிய பள்ளியின் கதவு, கொல்லப்பட்டவரின் இனத்தாருக்கு அடைத்தே கிடந்தது. அது மாநிலத்தின் சட்டம், பல்கலைக்கழகத்தின் வழக்கம் என்று கூறலாம். வில்லியம்ஸ் ஒருவர்மேல் மட்டும் அப்பழியைச் சுமத்துவது நியாயமன்று. ஆனால் எத்தனையோ பழைய வழக்கங்களை உடைத்த அவர் காலத்தில் இவ்வழக்கம் உடையவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. மனிதனை மதித்தல் என்று எழுதிய கைக்கு அந்தக் கதவின் தாழ் எட்டாமற்போயிற்று.

1927 இல், தம் பள்ளியிலேயே பயின்று அங்கேயே ஆசிரியராக விளங்கிய சாரா லாக்வுட் அம்மையாரை அவர் மணந்தார். முதல் மனைவி அதற்கு முன்பே மறைந்திருந்தார். 1931 இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி, நம் வழக்கில் சொல்வதானால் துணைவேந்தர் பதவி, அவரைத் தேடி வந்தது. பொருளாதார வீழ்ச்சி அந்நாட்டை வாட்டிய ஆண்டுகள் அவை. வருவாய் சுருங்கிய நிறுவனத்தைச் சிதையாமல் காப்பதிலேயே அவர் வலிமை கழிந்தது. 1935 ஆம் ஆண்டு சூலை 29 ஆம் நாள் கொலம்பியாவில் காலமானார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1939 இல், லூசில் புளுஃபோர்டு என்ற பெண் அப்பள்ளியின் மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தார். கன்சாஸ் சிட்டியில் ‘கால்’ என்ற பத்திரிகையில் பணியாற்றி வந்தவர். அஞ்சல் வழியே அனுமதியும் கிடைத்தது. நேரில் சென்று நின்றபோது, அவர் கறுப்பினத்தவர் என்று கண்டு திருப்பி அனுப்பிவிட்டனர். அவர் வழக்குத் தொடுத்தார். பள்ளியோ, அவரைச் சேர்ப்பதைவிட மேற்பட்ட வகுப்பையே நிறுத்திவைப்பது மேல் என்று முடிவு செய்தது. அப்பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரை ஏற்றது 1950 இல்தான். புளுஃபோர்டு அம்மையார் ‘கால்’ பத்திரிகையிலேயே தொடர்ந்து எழுதி, அதன் ஆசிரியராகவும் உயர்ந்தார். 1984 இல் அந்த இதழியல் பள்ளி தன் உயரிய விருதான நற்பணிப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1989 இல், தன் வாயிலிலிருந்து திருப்பியனுப்பிய அரை நூற்றாண்டுக்குப் பின், பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.